மலைப்பாதையில் ஏறி வரும் வண்டிக்கு வழிவிடும் வழக்கம் எங்கே போயிற்று?

கேள்வி: அருவங்காட்டுக்காரன்

வணக்கம். குன்னூரை அடுத்த அருவங்காட்டில் வசிக்கிறேன். தொழில் நிமித்தமாக அடிக்கடி மேட்டுப்பாளையம் இறங்கி ஏற வேண்டியிருக்கிறது. கல்லாற்றில் தொடங்கி பர்லியாறு, காட்டேரி வழியாகக் குன்னூர் சேரும் இந்தப் பாதையில் 14 கொண்டை ஊசி வளைவுகள் இருப்பது இங்கு வந்துபோனவர்களுக்குத் தெரியும். பாதை பெரும்பாலும் பழையபடியேதான் இருக்கிறது. சில இடங்களில் அகலப்படுத்தியும் இருக்கிறார்கள். அதில் வண்டி ஓட்டுகிறவர்களின் பழக்கம்தான் ஆண்டுக்கு ஆண்டு கெட்டுக்கொண்டே வருகிறது.

அண்மையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் கண்டதைச் சொல்கிறேன். ஏறி வந்த அரசுப் பேருந்து ஒன்று இடப்பக்கம் திரும்பும் வளைவில் நுழைந்து, மூக்கை வலப்பக்க ஓரம்வரை கொண்டுபோய் மெதுவாக ஒடித்துத் திருப்பிக்கொண்டிருந்தது. மேலிருந்து இறங்கிய கார் ஒன்று, பேருந்தை நன்றாகப் பார்த்த பிறகும் நிற்காமல், முகப்பு விளக்கை மாறி மாறி அடித்துக்கொண்டே வளைவுக்குள் வந்து பேருந்தின் முன்சக்கரத்துக்கு ஒரு முழம் தள்ளி நின்றது. அதன் பின்னால் வந்த வேன் காரின் பின்புறத்தை ஒட்டிக்கொண்டது. இதற்குள் பேருந்துக்குப் பின்னால் காத்திருந்த வரிசையிலிருந்து இரண்டு கார்கள் விலகி, முந்திவிடலாம் என்று வலப்பக்கத்தில் ஏறி நின்றுவிட்டன. ஏறவும் வழியில்லை, இறங்கவும் வழியில்லை. நடத்துநர் இறங்கி விசில் ஊதி ஒவ்வொரு வண்டியாகப் பின்னுக்கு எடுக்கவைத்துப் பாதையைத் திறப்பதற்குள் பேருந்துப் பயணிகள் பாதிப்பேர் கீழே இறங்கி நின்றிருந்தார்கள். நிற்காமல் வந்த கார்க்காரரிடம் கேட்டதற்கு, “நான் வர்றேன்னு லைட் அடிச்சேனே, அவர் ஏன் நிக்கல?” என்றார்.

ஏறி வரும் வண்டிக்கு இறங்குகிற வண்டி நின்று வழிவிடும் என்பது இங்கு யாரும் சொல்லித் தராமலே அறிந்திருந்த வழக்கம். இப்போது அது ஏன் இப்படி ஆனது? மனிதர்களுக்கு மரியாதை குறைந்துவிட்டதா, அல்லது மலைப்பாதையில் ஓட்டத் தெரியாதவர்கள் பெருகிவிட்டார்களா? இதற்கு ஏதேனும் செய்ய முடியுமா என்று அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் நன்றாக இருக்கும்.

பதில் 1: பழைய ஸ்டியரிங்

ஐயா, நான் கோவைக்கும் உதகைக்கும் இடையே அரசுப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவன். நீங்கள் சொல்லும் கேடு உண்மைதான். ஆனால் அந்தக் காலத்து ஓட்டுநர்கள் எல்லாரும் பண்பின் சிகரங்களாக இருந்தார்கள் என்று தயவுசெய்து நினைத்துவிடாதீர்கள். வாயைத் திறந்தால் வசைதான் வரும் என்று பெயர் வாங்கியவர்கள் எங்களில் பலர் உண்டு. அவர்களும் வளைவில் நின்று வழிவிட்டார்கள். வழிவிடாதவனை மறுநாள் அதே வளைவில் அதே ஓட்டுநர் சந்திப்பார் என்பது ஒரு காரணம். நிறுத்தினால் ஏறுகிறவனுக்கு என்ன ஆகும் என்பது எல்லாருக்கும் தெரிந்திருந்தது இன்னொரு காரணம்.

மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டரைச் சற்றே தாண்டிய உயரத்தில் இருக்கிறது. குன்னூர் 1,700 மீட்டருக்கும் மேலே. முழுச் சுமையோடு ஏறும் வண்டியை நடு ஏற்றத்தில் நிறுத்திவிட்டால், மறுபடி எடுப்பதற்குள் கிளட்ச் தட்டு கருகி நாறும். கொஞ்சம் பின்னுக்கு உருளாமல் கிளப்புவதற்குக் கைத்திறன் வேண்டும். பின்னால் ஒட்டி நிற்கும் காரில் குழந்தைகள் இருப்பார்கள். இறங்குகிறவனுக்கோ பிரேக்கிலிருந்து காலை எடுத்தால் போதும், வண்டி தானே நகரும். யாருக்குச் சிரமம் குறைவோ அவர் நிற்பது என்பதுதான் இதன் கணக்கு.

இதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. அதைத்தான் இன்று வருகிறவர்கள் யாரும் அறியவில்லை. நாம் இடப்பக்கம் செல்கிறவர்கள் ஆகையால், ஏறும்போது இடப்பக்கம் திரும்பும் வளைவில் ஏறுகிற வண்டி உட்புறம் மாட்டிக்கொள்கிறது. வளைவின் உட்புறம்தான் மிகக் குறுகலும் மிகச் செங்குத்தும். பேருந்து அதை ஒட்டியே திரும்ப முடியாது. முழுச் சாலையையும் எடுத்து, வலது ஓரம்வரை போய்த்தான் ஒடிக்க வேண்டும். எனவே மேலிருந்து வருகிறவர் வளைவுக்குள் வந்து நிற்கக் கூடாது, வளைவு தொடங்குவதற்கு முன்பே, பேருந்து நிமிர்ந்து நேராவதற்கு இடம் விட்டு நிற்க வேண்டும். அடுத்த வளைவு வலப்பக்கம் திரும்பும்போது நிலைமை தலைகீழாகிவிடும். அங்கே இறங்குகிற பேருந்துக்குத்தான் உட்புறம் வரும். அப்போது ஏறுகிற கார் கீழே நிற்பதுதான் முறை. சட்டம் ஏறுகிறவருக்கு முன்னுரிமை என்று சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்ளும். நீளமான வண்டி வளைவுக்குள் நுழைந்துவிட்டால் மற்றவர் வெளியே நிற்பது என்பது ஓட்டுநர்கள் தமக்குள் வைத்திருந்த ஒழுங்கு. இறங்கும் லாரியிலிருந்து பிரேக் லைனிங் கருகும் வாடை வந்தால், சட்டம் நம் பக்கம் இருந்தாலும் ஒதுங்கிவிடுவோம்.

ஹாரன் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். ஊருக்குள் ஹாரன் அடிப்பது நாகரிகக் குறைவு என்பார்கள். மலையில் அடிக்காமல் இருப்பதுதான் குறைவு. வளைவுக்கு முன்னால் ஒருமுறை அடிக்க வேண்டும், பதிலுக்காகக் காதைக் கொடுக்க வேண்டும், பதில் வந்தால் வேகத்தைக் குறைக்க வேண்டும். இப்போது கண்ணாடியை ஏற்றி, ஏசியைப் போட்டு, பாட்டையும் முழுச் சத்தத்தில் வைத்துக்கொண்டு வருகிறார்கள். நாம் அடிப்பது அவர்களுக்குக் கேட்பதே இல்லை. இரவில் ஹாரனுக்குக்கூட அதிகம் வேலை இராது, ஏனென்றால் எதிர்வண்டியின் வெளிச்சம் எதிர்ச்சரிவில் முன்கூட்டியே தெரிந்துவிடும். அதைப் பார்த்ததும் நாம் டிம் செய்தால் அவரும் செய்வார். கண்ணைப் பறிக்கும் வெள்ளை விளக்குகளைக் கடையில் வாங்கிப் பொருத்திக்கொண்டு வருகிறவர்களுக்கு டிம் என்று ஒரு சுவிட்ச் இருப்பதே நினைவில்லை.

பதில் 2: சமவெளிக்காரி

பழைய ஸ்டியரிங் ஐயா எழுதியதைப் படித்தபோது வியப்பாக இருந்தது, கொஞ்சம் கோபமும் வந்தது. நான் சென்னையில் பல ஆண்டுகளாகக் கார் ஓட்டுகிறேன். கோடையில் குடும்பத்தோடு உதகைக்கு வருவதுண்டு. உட்புற வளைவு, வெளிப்புற வளைவு, எங்கே நிற்பது என்பதையெல்லாம் எனக்கு யார் எப்போது சொன்னார்கள்? மைதானத்தில் கார் ஓட்டிக்காட்டி உரிமம் வாங்கினோம். அந்த உரிமத்தோடு கைப்பேசி காட்டும் வழியைப் பார்த்து மலை ஏறுகிறோம். சொல்லித் தராத ஒன்றை அறியாமல் இருப்பதை மரியாதைக் குறைவு என்று சொல்வது எந்த வகையில் நியாயம்?

மேலும், உள்ளூர்க்காரர்கள் எல்லாரும் ஒழுங்கானவர்கள் என்பது போன்ற தொனி இந்தக் கேள்வியிலேயே இருக்கிறது. என் அனுபவம் வேறு. நான் இரண்டாவது கியரில் கவனமாக இறங்கிக்கொண்டிருக்கும்போது, உள்ளூர் ஜீப்பும் வாடகை வண்டியும் பின்பம்பரை ஒட்டிக்கொண்டு விடாமல் ஹாரன் அடித்து, எதிரே எதுவும் தெரியாத வளைவில் மஞ்சள் கோட்டைத் தாண்டி முந்திச் செல்வதைப் பார்த்திருக்கிறேன். பாதை மனப்பாடம் என்ற தைரியம் அவர்களுக்கு. பயந்துபோய் ஓட்டுகிற வெளியூர்க்காரரை மேலும் பதறவைத்தால் அவர் வளைவுக்குள் போய் நிற்கத்தானே செய்வார்? ஓர் அகலமான இடத்தில் ஒதுங்கி உங்களை முன்னே விட எனக்கு மனமுண்டு. ஒதுங்கும் இடம் வரும்வரை பொறுக்கத்தான் உங்களுக்கு மனமில்லை.

விளக்கு அடித்த விஷயத்திலும் ஒன்று சொல்ல வேண்டும். என் சகோதரி லண்டனில் இருக்கிறாள். அங்கே எதிரே வருகிறவர் விளக்கை அடித்தால் “நீங்கள் போங்கள்” என்றுதான் பெரும்பாலானவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். நம் ஊரில் அதே வெளிச்சத்துக்கு “நான் வருகிறேன், நீ நில்” என்று பொருள். இரண்டு பேரும் தங்களுக்கு உரிமை இருப்பதாக நம்பிக்கொண்டு ஒரே வளைவில் நுழைந்தால் என்ன ஆகும் என்பதைக் கேள்வி கேட்டவர் நேரிலேயே பார்த்திருக்கிறார்.

பதில் 3: ஓட்டுநர் பயிற்றுநர்

அம்மா சொல்வதில் பெரும்பகுதி சரி. ஆனால் விதி எழுதப்படாமல் இல்லை. 1989-ஆம் ஆண்டின் சாலை விதிமுறைகளிலேயே, இரண்டு வண்டிகள் தடையின்றிக் கடக்கும் அகலம் இல்லாத மலைச்சாலையிலும் செங்குத்தான சாலையிலும், இறங்குகிற வண்டி ஏறுகிற வண்டிக்கு வழிவிட்டுச் சாலையோரமாக நிற்க வேண்டும் என்று தெளிவாக இருந்தது. அந்த விதிமுறைகளுக்குப் பதிலாக 2017-இல் புதிய ஓட்டுதல் விதிமுறைகள் வந்தபோதும் ஏறுகிறவரின் முன்னுரிமை கைவிடப்படவில்லை. உரிமம் வாங்கிய ஒவ்வொருவரும் இதை அறிந்தவராகவே சட்டத்தின் கண்ணுக்குத் தெரிகிறார்.

நடைமுறை வேறு என்பதை மறுக்க மாட்டேன். பழகுநர் உரிமத்துக்கான தேர்வுக்குச் சின்னங்களை மனப்பாடம் செய்கிறார்கள். பிறகு இருசக்கர வண்டியில் எட்டு, காரில் எச். ஏற்றத்தில் நிறுத்தி எடுப்பதை நான் என் மாணவர்களுக்கு ஒரு பாலத்தின் சரிவில் சொல்லித் தருகிறேன். பலருக்கு அது வீண் வேலையாகத் தோன்றுகிறது, “டெஸ்ட்டில் கேட்பார்களா சார்?” என்பார்கள். மலைப்பகுதியில் ஓட்டுவதற்கு உரிமத்தில் தனி மேலொப்பம் பெறும் ஏற்பாடு ஒன்று போக்குவரத்துத் துறையில் இருக்கிறது. வாடகை வண்டி, லாரி ஓட்டுகிறவர்கள் அதை அறிவார்கள். சொந்தக் கார் வைத்திருப்பவர்களிடம் சொன்னால் ஏதோ கதை சொல்வதாகப் பார்க்கிறார்கள்.

தண்டனையால் இதைச் சரிசெய்யலாம் என்ற எண்ணம் எனக்கு இல்லை. 2019-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் தேவையில்லாமல் ஹாரன் அடிப்பதற்கு முதல் முறை 1,000 ரூபாய் என்றும், ஆம்புலன்ஸுக்கு வழிவிடாவிட்டால் 10,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம்வரை சிறையோ இரண்டுமோ என்றும் வைத்தது. தமிழ்நாட்டில் உயர்த்தப்பட்ட அபராதங்கள் 2022 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தன. பர்லியாற்றுக்கும் காட்டேரிக்கும் நடுவே எந்த வளைவில் யார் நின்று அபராதம் எழுதுவார்? காவலர் இருக்கும் இடத்தில் எல்லாரும் நல்லவர்களே.

பதில் 4: பாரம் ஏற்றுகிறவன்

நான் லாரி ஓட்டுகிறேன். ஏறும்போது சிமெண்டும் மளிகையும், இறங்கும்போது பெரும்பாலும் கேரட்டும் முட்டைக்கோசும். மேலே பெரியவர் சொன்னதில் ஒரு சொல்லைக்கூட மாற்ற மாட்டேன். ஒன்றைச் சேர்க்க மட்டும் விரும்புகிறேன். முன்பு எங்கள் லாரியில் கிளீனர் ஒருவர் இருப்பார். இடப்பக்கச் சன்னல் வழியாகக் கையை நீட்டிப் பின்னால் வருகிறவரை “வா, போ” என்று முந்தவிடுவதும், வளைவில் இறங்கி ஓடி எதிர்வண்டியை நிறுத்துவதும், வண்டி நின்றுவிட்டால் சக்கரத்துக்குக் கல் வைப்பதும் அவர் வேலை. இப்போது பல வண்டிகளில் ஓட்டுநர் மட்டும்தான். கைக்குப் பதிலாக வலது இண்டிகேட்டரைப் போட்டு முந்தச் சொல்கிறோம். அதைப் புரிந்துகொள்கிறவரும் உண்டு, நான் வலப்பக்கம் திரும்பப் போகிறேன் என்று நினைத்து அங்கேயே நிற்கிறவரும் உண்டு. நான் உண்மையாகவே வலப்பக்கம் ஒடிக்கும்போது, வழிவிடுகிறான் என்று எண்ணி உள்ளே புகுகிறவரும் உண்டு. அவரை நினைத்தால்தான் அடிவயிறு கலங்குகிறது.

பழைய காலத்தைப் புகழ்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. சக்கரத்துக்கு வைத்த கல்லை எடுக்காமல் அப்படியே சாலையில் விட்டுப் போனவர்கள் அந்தக் காலத்து லாரிக்காரர்கள்தான். இரவில் அந்தக் கல்லில் ஏறி விழுந்த இருசக்கர வண்டிக்காரர்களைக் கேட்டால் அன்றைய மரியாதை எப்படி இருந்தது என்று சொல்வார்கள்.

ஆனால் அன்று இல்லாத புதுக் கூத்து ஒன்று இருக்கிறது. வளைவிலேயே காரை நிறுத்திக் குரங்குக்குப் பிஸ்கட் போடுகிறார்கள். வளைவில்தான் சாலை அகலமாக இருக்கிறதாம், அதனால் நிறுத்தினார்களாம். அந்த அகலம் பேருந்தும் லாரியும் திரும்புவதற்காக வெட்டிக் கொடுத்த அகலம். அதை நான்கு கார்கள் பிடித்துக்கொண்டால், ஒரே வீச்சில் திரும்ப வேண்டிய வண்டியை முன்னும் பின்னும் எடுத்து ஒடிக்க வேண்டியிருக்கிறது, அதுவும் முழுப் பாரத்தோடு, பள்ளத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு.

கேள்வி கேட்டவரின் மறுமொழி: அருவங்காட்டுக்காரன்

பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. சமவெளிக்காரி அம்மையாரின் கோபத்தில் நியாயம் இருப்பதாகவே நினைக்கிறேன். எங்கள் ஊர் ஜீப்புகளைப் பற்றி அவர் சொன்னதை மறுக்க இங்கே யாராலும் முடியாது. இருந்தாலும் வரிசையை விட்டு வலப்பக்கம் ஏறுகிறவர்களை அறியாமைக் கணக்கில் சேர்க்க எனக்கு மனம் வரவில்லை. முன்னால் இருபது வண்டிகள் நிற்பது கண்ணுக்குத் தெரிகிறது. எதிர்ப்பக்கம் இறங்கும் வண்டிகளுக்கு உரியது என்பதும் தெரிகிறது. தெரிந்தே ஏறுகிறார்கள். தீவிர நோயாளிகளைக் கோவைக்குக் கொண்டுசெல்லும் ஆம்புலன்ஸ்கள் இறங்குவதும் இந்தப் பக்கத்தில்தான். சைரன் மேலிருந்து கேட்கிறது, ஆனால் விலகுவதற்கு ஒருவருக்கும் இடமில்லை. ஒருபுறம் பாறை, மறுபுறம் பள்ளம், நடுவே முந்த வந்தவர்.

பதில் 5: கோத்தகிரி வழி

கோடை நெரிசலின்போது சுற்றுலா வண்டிகளைக் குன்னூர் வழியாக ஏற்றிக் கோத்தகிரி வழியாக இறக்கும் ஒருவழி ஏற்பாட்டைக் காவல் துறை செய்வதுண்டு. அந்த நாள்களில் நெரிசல் குறைகிறது, சண்டையும் குறைகிறது. ஆனால் அதில் ஒரு பக்கவிளைவைக் கவனித்திருக்கிறேன். எதிரே சுற்றுலா வண்டி வராது என்று தெரிந்ததும் முழுச் சாலையும் தம்முடையது என்று ஓட்டப் பழகிவிடுகிறார்கள். உள்ளூர் வண்டி ஒன்று எதிரே வந்தால் அதைக் குற்றவாளியைப் பார்ப்பதுபோலப் பார்க்கிறார்கள்.

செய்யக்கூடியது என்ன என்று கேட்டிருந்தீர்கள். சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவால் 2024 மே 7 முதல் உதகைக்கும் கொடைக்கானலுக்கும் வரும் வெளியூர் வண்டிகள் இ-பாஸ் பெற வேண்டும் என்று ஆயிற்று. 2025 கோடையில் உதகைக்கு வார நாள்களில் 6,000, வார இறுதியில் 8,000 வண்டிகள் என்று வரம்பும் வைத்தார்கள். அதாவது மலை ஏறப் போகிற வெளியூர்க்காரர் ஏறுவதற்கு முன்பே ஒரு படிவத்தை நிரப்புகிறார். வண்டி எண், எத்தனை பேர், எங்கே தங்குகிறீர்கள் என்று கேட்கும் அந்தப் படிவத்திலேயே, ஏறும் வண்டிக்கு நில்லுங்கள், வளைவுக்கு வெளியே நில்லுங்கள், வரிசையை விட்டு வலப்பக்கம் ஏறாதீர்கள் என்ற மூன்றையும் ஒரு படத்தோடு காட்டி, படித்தேன் என்று குறியிட்ட பிறகே பாஸ் வரும்படி செய்யலாம். கல்லாற்றில் வண்டிகளை நிறுத்திப் பிளாஸ்டிக் சோதனை செய்யும் நேரத்தில் அதையே ஒரு தாளாகவும் கொடுக்கலாம். நூற்றில் பத்துப் பேர் படித்தாலும் அந்தப் பத்துப் பேருக்குப் பின்னால் வருகிறவர்கள் நின்றே ஆக வேண்டும். மலைப்பாதையில் முதல் வண்டி நின்றால் மற்றதும் நிற்கும்.

பதில் 6: சமவெளிக்காரி

இ-பாஸ் யோசனை எனக்கு உடன்பாடு. அந்தத் தாளில் உள்ளூர் ஜீப்புகளுக்கும் இரண்டு வரி சேர்த்துவிடுங்கள். பழைய ஸ்டியரிங் ஐயாவிடம் ஒரு கேள்வி: எங்களுடையது கியர் மாற்றத் தேவையில்லாத தானியங்கிக் கார். பின்னால் வரிசை சேர்ந்துவிடுகிறதே என்ற பதற்றத்தில் வேகமாக இறங்கி, பிறகு பிரேக்கையே அழுத்திக்கொண்டு வர வேண்டியிருக்கிறது. போன முறை இறங்கும்போது சக்கரத்திலிருந்து வாடை வந்தது. என்ன செய்வது?

பதில் 7: பழைய ஸ்டியரிங்

அம்மா, ஏறுகிற கியரில்தான் இறங்க வேண்டும் என்பது தானியங்கி வண்டிக்கும் பொருந்தும். டி-யில் விட்டுவிட்டு இறங்காதீர்கள். உங்கள் வண்டியில் எல் என்றோ, எம் என்று போட்டுக் கழித்தல் குறியால் கியரைக் குறைக்கும் வசதியோ இருக்கும். முதலிலோ இரண்டிலோ பிடித்து வைத்தால் இன்ஜினே வண்டியை இழுத்துப் பிடிக்கும். பிரேக்கைத் தொடர்ந்து அழுத்தாமல், தேவைப்படும்போது அழுத்தமாகப் பிடித்து விட்டுவிடுங்கள். வாடை வந்தால் நிறுத்துவதுதான் வழி. சூடான சக்கரத்தில் தண்ணீர் மட்டும் ஊற்றிவிடாதீர்கள், தானே ஆற வேண்டும்.

நிறுத்தும் இடம் வளைவாக இருக்கக் கூடாது. வளைவைத் தாண்டி நேராகும் இடத்தில், இடப்பக்கம் மண் ஓரம் அகலமாக இருக்கிற பகுதியில் முழுவதுமாக ஒதுங்கி, முன்னும் பின்னும் பார்வை படும்படி நிறுத்துங்கள். பின்னால் சேர்ந்த வரிசையும் அங்கேயே உங்களைக் கடந்து போய்விடும். கடைசி வண்டியும் போன பிறகு, மேலே காதைக் கொடுத்து ஹாரன் எதுவும் கேட்கவில்லை என்றால் எடுங்கள்.